அவன் முடித்த வானம்

என் வீட்டுக்காரர் தையல்காரர். அறுபதை நெருங்கும் வயதில் ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். எதற்காகச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியுமே.

எங்கள் ஒரே மகன் பழைய இயற்கைக் காட்சி ஓவியம் ஒன்றின் அச்சுப் படத்தைப் பார்த்து வாட்டர் கலரில் வரைந்துகொண்டிருந்தான். இடி மேகம், மலை, ஏரி, கரையில் எறும்பளவுக்கு ஒரு மனிதன். வானத்தை மட்டும் முடித்திருந்தான். அதற்குக் கீழே வெறும் பென்சில் கோடுகள். அந்த நேரத்தில்தான் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவே இல்லை.

"அத நான் முடிக்கப் போறேன்" என்றார் இவர்.

"எதுக்கு? அவன் விட்ட மாதிரியே இருக்கட்டும்."

"பாதியில நிக்குதுடி. பாக்க முடியல."

"எனக்கு அதுதான் வேணும்."

மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவோம். படத்தைப் பற்றி என்றால் மட்டும் உட்கார்ந்து மணிக்கணக்கில் சண்டை போடுவோம்.

அவனுக்குக் கற்றுக்கொடுத்த டீச்சரிடமே இவரும் போனார். அவளுக்கு என் மகனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவர், "இது ரொமாண்டிக் காலத்துப் படமாம்" என்றார்.

"இந்த வயசுல உங்களுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

"அட, அதில்ல. மனுசனப் பொடிசாவும் வானத்தப் பெருசாவும் போட்ட காலமாம்."

டீச்சர் இரண்டு விஷயங்களை அவர் மண்டையில் ஏற்றியிருந்தாள். முதலில் அகலப் பிரஷ்ஷால் தாளை முழுக்க நனைக்க வேண்டும், அப்போதுதான் வண்ணம் திட்டுத்திட்டாக நிற்காமல் பரவும். பிறகு, பார்த்து வரையும் படத்தை விட்டுக் கண் நகரக் கூடாது. என் பொத்தான் டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேசையில் தினமும் அதே படத்தைப் புதுப்புதுத் தாளில் போட்டுப் பழகினார். முதலில் வந்த ஏரி நனைந்த கோணிப்பை மாதிரி இருந்தது. சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். போகப் போக ஏரியில் மலையின் நிழல் அழகாக விழுந்தது. என்னாலேயே குறை சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானாகவே பீரோவைத் திறந்து மகனின் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்து செய்ங்க" என்றேன்.

தாளைப் பலகையில் ஒட்டினார். அச்சுப் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினார். கண்ணை அச்சுப் படத்தில் வைத்தார். பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, இத்தனை நாள் பழகியபடியே, தாளின் உச்சியிலிருந்து கீழே இழுத்தார். மறுபடி இழுத்தார். இன்னொரு முறையும்.

நான் ஒரு சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மேகம் கரைந்து பென்சில் மலையின்மேல் வடிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, என்னங்க! வானம்!"

அப்போதுதான் தாளைப் பார்த்தார். பஞ்சை எடுத்து ஒற்றினார். ஒற்ற ஒற்ற நீலம் பஞ்சோடு வந்தது, தாள் வெளுத்துக்கொண்டே போனது. கையை எடுத்துவிட்டார்.

அந்த நிமிஷம் அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. அவன் கை பட்ட கடைசி வேலை அது.

"திட்டு" என்றார். "எதாவது சொல்லித் திட்டுடி."

நான் அந்த ஈரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில்கூட அழாத மனிதர், மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "போயிட்டான்டி, நம்ம பையன் போயிட்டான்" என்று வாய்விட்டு அழுதார்.

இத்தனை மாதங்களில் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க" என்றேன். "போயிட்டான்."