அம்மா பேர் போடுங்க

தனியாரும் இண்டர்நெட் விற்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்த மறு வருஷம், மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. சண்முகவேல் அண்ணாச்சிக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கு ஏசி வேண்டும் என்பது மட்டும். தெற்கு மாட வீதியில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

நான் எஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டவன். ராத்திரியில் அடையாறில் வேறு வேலை. அமெரிக்க டாக்டர்கள் டேப்பில் பேசி அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் வியாதியெல்லாம் என் காது வழியாகத்தான் போகும். அதில் ஒன்றைக்கூட வெளியே பேசியதில்லை.

சென்டரில் புதிதாக மெயில் திறப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கடவுச்சொல் மறந்துபோனால் கேட்பதற்கென்று ஒரு கேள்வி: கல்யாணத்துக்கு முன் உங்கள் அம்மாவின் பெயர் என்ன? வெள்ளைக்காரர்களுக்குக் கல்யாணம் ஆனால் பெண்ணின் குடும்பப் பெயர் மாறும். நமக்கு மாறுவது இனிஷியல்தான். அதனால், "அம்மா பேர் போடுங்க" என்று எல்லா சென்டரிலும் சொல்வார்கள். ஊரே அப்படித்தான் போட்டது. அம்மா பெயர் தெரிந்தால் போதும், யாருடைய மெயிலையும் திறந்துவிடலாம்.

மதுவந்தி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவாள். இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அடையாறில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அகமதாபாத்தில் ஒரு விண்வெளி ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்துவிட்டாள். அந்த வாரம் முடிவு வர வேண்டும். வந்த அன்றே பதில் எழுதாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை காலையில் அவள் அப்பா கல்யாணராமன் வந்தார். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சென்டர் இருக்கும் கட்டிடம் அவருடையது. கூடவே மனைவி கோமளம். அண்ணாச்சியும் அன்று சென்டரில் இருந்தார்.

"மதுவோட மெயிலைத் திறப்பா. அம்மா பேர் கேக்கும்னு பார்க்ல வாக்கிங் வர்றவா சொன்னா. அம்மாவையே அழைச்சுண்டு வந்திருக்கேன்" என்றார்.

"எதுக்கு சார்?"

"நியூஜெர்சியில வரன் பார்த்திருக்கோம். அகமதாபாத்துக்கு வரலைன்னு அவ சார்பா ஒரு வரி எழுதணும். அவ்வளவுதான்."

"அமெரிக்கா அகமதாபாத்தைவிட தூரமாச்சே சார்?"

"அது கல்யாணம். இது ஒரு பொண்ணு தனியா போய் நிக்கறது."

மே மாதம் ராக்கெட் மேலே போன அன்று தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தவர் இவர்.

"நான் திறக்க மாட்டேன் சார்."

"எந்தச் சட்டத்துல இருக்கு திறக்கக் கூடாதுன்னு?"

இல்லைதான். கடை திறக்க அரசாங்கம் வழி செய்துவிட்டது. அடுத்தவர் மெயிலைத் திறப்பதைப் பற்றிய சட்டம் டில்லியில் இன்னும் பேச்சளவில் இருந்தது.

"தம்பி, கட்டிடம் அவாளோடது" என்றார் அண்ணாச்சி, ஐயர் பாஷையை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு.

"வேற ஆளைப் போட்டுக்குங்க அண்ணாச்சி. நான் தொட மாட்டேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கல்யாணராமனைப் பார்த்தார். பிறகு மேலே ஏசியைப் பார்த்தார்.

கல்யாணராமன் தானே உட்கார்ந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை. மகளின் மெயில் முகவரி, அவள் பிறந்த தேதி. கேள்வி வந்தது. ஒரு விரலால் கோமளம் என்று அடித்தார்.

தவறு என்றது.

எழுத்தை மாற்றி அடித்தார். மாமனாரின் இனிஷியலைச் சேர்த்து அடித்தார். ஒன்றும் திறக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடின்னா... பொறந்தாத்து கோத்திரமா இருக்கும்" என்று சொல்லி 'கௌசிகம்' என்று அடித்தார். சிரிப்பை அடக்க அண்ணாச்சி இருமினார்.

"கோமளா, இந்த மெஷினுக்கு வேற என்ன பேர்தான் வேணுமாம்?"

அதுவரை ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"என் பேர்தான்."

"அதைத்தானே போட்டேன்?"

"அது உங்காத்துல வெச்ச பேர். எங்காத்துல வெச்சது உங்கம்மாவுக்குப் பிடிக்கலை. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே கோமளம்னு மாத்திட்டா. மறந்துட்டேளா?"

கல்யாணராமனின் விரல் விசைப்பலகைக்கு மேல் அப்படியே நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பழைய பேர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குக் கேட்டேள். நான் சொன்னேன். அப்புறம் ஒரு தடவையாவது கேட்டிருக்கேளா?"

"சரி, இப்போ கேக்கறேன். சொல்லு."

"மாட்டேன்."

"கோமளா!"

"மதுவுக்குச் சொல்லியிருக்கேன். அவ ஞாபகம் வெச்சுண்டிருக்கா. அது போறும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவ அகமதாபாத் போகட்டும். நான்தான் போகச் சொன்னேன்."

கல்யாணராமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "வாடகை விஷயமா அடுத்த வாரம் பேசணும்" என்று சொல்லிவிட்டு மனைவிக்குப் பின்னால் நடந்தார். அம்மாள் அவருக்காக நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு மதுவந்தி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அது அவள் விஷயம். அவளுக்குத் தெரிய வேண்டும்.

"அம்மா தன் பேரைச் சொல்லலையா?"

"இல்லை."

மெயில் வந்திருந்தது. தேர்வாகியிருந்தாள். சேர்கிறேன் என்று இரண்டே வரியில் எழுதி அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஆத்துல இன்னிக்கு யுத்தம்தான்" என்றாள்.

"வீட்டுக்குப் போகாம இருக்கலாமே."

"போயிட்டு, சொல்லிட்டுத்தான் ரயில் ஏறணும். அம்மா தனியா மாட்டிண்டிருக்கா." துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள்.

கடை சாத்தும்போது அண்ணாச்சி கேட்டார். "வாடகை ஏத்திருவாருன்னு நினைக்கியா தம்பி?"

"ஏத்துவாரு."

"ஏத்தட்டும். ஜவுளியில பார்க்காத நட்டமா?" பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அந்த அம்மா நிசப் பேரு என்னவாம்?" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி."

"அந்தப் புள்ளகிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கலை. கேக்கவும் மாட்டேன்."

மறுநாளிலிருந்து புதிதாக மெயில் திறக்க வந்தவர்களிடம் அம்மா பேர் போடுங்க என்று நான் சொல்லவில்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததைப் போடுங்கள் என்றேன். பாதிப் பேர் அப்படி எதுவும் இல்லையே என்று முழித்தார்கள். யோசித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.