சினிமா டேங்கோ

சினிமாவில் டேங்கோ என்ற பெயரில் ஒன்றை ஆடுகிறார்களே, அதைப் பார்த்தாலே சுபஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடைவரை கிழித்த சிவப்புக் கவுன். பல்லில் கவ்விய ரோஜா. ரோஜாக் காம்பில் முள் இருக்கும் என்று எந்த இயக்குநருக்கும் தோன்றியதில்லை. சுளுக்குப் பிடித்த சேவல் மாதிரி கழுத்தை வெட்டி வெட்டித் திருப்ப வேண்டும். நம்மூர்ப் படம் என்றால் இன்னும் கண்றாவி. பணக்கார விருந்தில் கோட்டுப் போட்ட ஒருத்தன் ஆடிக்கொண்டிருப்பான். டேங்கோவைக் கேள்விகூடப் பட்டிராத கதாநாயகன் அவனைத் தள்ளிவிட்டு அவனைவிட நன்றாக ஆடுவான். பாதியில் தாரை தப்பட்டை வந்து சேரும். கதாநாயகி கோபித்துக்கொண்டு போவாள், இவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுப்பான். அவள் கன்னத்தில் அறைவாள், இவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் இழுப்பான். உடனே அவள் மயங்கி அவன் மார்பில் சாய்வாள். இந்த லட்சணத்துக்கு விசில் வேறு!

இப்படி வைவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமைதோறும் ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த வகுப்புக்குப் போய் அந்த ஆட்டத்தைக் கற்றவள். அங்கே ரோஜாவும் கிடையாது, கன்னத்தில் அறைவதும் கிடையாது. இரண்டு பேர் அணைத்து நின்று, ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்து நடப்பார்கள். இவர் எந்தக் காலை எடுக்கப்போகிறார் என்பது அவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் நின்றுவிட வேண்டும், இழுக்கக் கூடாது. பிறகு ஊர் திரும்பி, அப்பா பழனிமுத்துவின் பனியன் கம்பெனியில், மாதிரிச் சட்டைகள் தைக்கும் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டாள். திருப்பூரில் அவளோடு அப்படி நடக்க ஆள் இல்லை.

ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, "ரிசப்ஷன்ல நாம டேங்கோ ஆடலாமா சுபா?" என்று கவின் கேட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கவின் குன்னத்தூர்க்காரன். தோட்டம் துரவு உள்ள குடும்பம். திருப்பூரில் சொந்தமாகப் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறான். இவன் தன்னோடு அப்படி நடப்பான் என்று நம்பிவிட்டாள் மகராசி.

வீட்டு ஹாலில் வைத்து நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கடைசிச் சுவரை எட்டுவதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் சுபா, வாக்கிங் போறதுக்கா நான் வந்தேன்? டான்ஸு எப்ப வரும்?"

"இதுதானுங்க டான்ஸு."

"கிண்டல் பண்ணாத, போ."

அந்த வாரமே கோயமுத்தூரிலிருந்து தரணீதரன் என்ற டான்ஸ் மாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டான். மாஸ்டருக்கு டேங்கோ தெரியுமா? அட, அவருக்கு செல்போன் தெரியும். அதில் ஒரு படத்துப் பாட்டை ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒன்றுவிடாமல் காப்பியடித்தார். அந்தப் பாட்டில் கதாநாயகன் படிக்கட்டில் லேசாக வழுக்குகிறான். மாஸ்டர் அந்த வழுக்கலுக்கும் ஒன், டூ என்று கவுண்ட் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

"மாஸ்டர், அது அவரு கால் வழுக்குனது," என்றாள் சுபஸ்ரீ.

"இல்லீங்க மேடம், அது ஸ்டைலுங்க."

கவினும் பயபக்தியோடு வழுக்கிப் பழகினான். இந்தக் கூத்தையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் அந்தப் பாட்டில் மணிக்கட்டைச் சுண்டி இழுக்கும் இடமும் இருந்தது.

"என்ன கோமாளித்தனம் வேணும்னாலும் பண்ணிக்கலாங்க. இந்தக் கையைப் புடிச்சு இழுக்கறது மட்டும் வேண்டாம். எனக்குப் புடிக்கல," என்றாள் கவினிடம்.

"சாம்பிள் செக்‌ஷன் பாக்கறவ பேசற பேச்சா இது? பையர் ஓகே பண்ணுன சாம்பிள்ல ஒரு தையல மாத்துவியா நீ? ஊரே பாத்து ஓகே பண்ணுன பாட்டு. அப்படியேதான் இறக்கோணும்."

இந்த ஊர் பிழைக்கிற வழியே அதுதான். பையர் என்கிற வெளிநாட்டுக்காரன் மாதிரிக்கு அனுப்பிய சட்டையில் லேபிள் கோணலாக இருந்தால், ஆர்டர் முழுவதையும் கோணலாகவே தைத்து அனுப்பிவிட்டு, ஏன் என்று கேட்டால் அவன் சட்டையையே தூக்கிக் காட்டுகிற ஊர். அவளும் அப்படிக் காட்டியவள்தான்.

"அது துணிங்க. நான் வாயத் தொறந்து வேண்டாங்கறேன்ல?" என்றாள் கடைசியில்.

"செரி செரி, பாத்துக்கலாம்," என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலேயே ஒத்திகை. இரண்டு வீட்டு உறவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த இடம் வந்ததும் கவின் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். வளையல் தோலில் பதிந்தது.

"விடுங்க, வலிக்குது."

"ஆஹா! எக்ஸ்பிரஷன் பிரமாதம் மேடம்!" என்று கூவினார் மாஸ்டர். "இதையே வெச்சுக்கலாம்!"

உறவு கைதட்டியது. கவின் கதாநாயகச் சிரிப்பு ஒன்றை உதட்டில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் இழுத்தான்.

"நெசமாத்தான் சொல்றேன், விடுங்க!"

இன்னும் பலமாகக் கைதட்டல். அறைந்துவிடலாம் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அறைந்து என்ன பயன்? அந்த அறையும்தான் பாட்டில் வருகிறதே! அதற்கும் கைதட்டுவார்கள் பாவிகள். அழுதால் அதற்கும் மாஸ்டர் சபாஷ் போடுவார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தான் சொல்வது தன் சொல்தான் என்று நம்ப ஒரு ஆள் இல்லை என்பது அவளுக்குத் திகிலாக இருந்தது.

ஒரே ஒருத்திக்குக் கேட்டது. அம்மா சாரதாமணி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். பாட்டு நின்றது. கைதட்டலும் அடங்கியது.

"விடுங்க," என்றாள் சுபஸ்ரீ.

"ஃபைவ், சிக்ஸ்," என்று எண்ணிக்கொண்டிருந்தார் மாஸ்டர். கவின் இன்னொரு தரம் இழுத்தான்.

அவள் அசையாமல் நின்றாள். மரம்போல் நிற்பவளை வைத்து எதுவும் ஆட முடியாமல், வேறு வழியின்றி அவன் கை தளர்ந்தது. அம்மாவோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா."

பழனிமுத்து ஆடிப்போனார். "ஊடு ஊடாப் பத்திரிகை குடுத்தாச்சு கண்ணு. மடத்துக்குளத்துச் சொந்தமெல்லாம் நாளைக்கே வந்து எறங்கிரும். ஒரு டான்ஸுக்காகவா?"

"ஆமாங்கப்பா. டான்ஸுக்காகத்தான்."

அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் கவினின் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"என்ன சுபா, எல்லாத்து முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டே? நீ நடிக்கறேன்னுதான் நெனச்சேன்."

"பாட்டுத்தான் நின்னு போச்சுங்களே. அதுக்கப்புறமும் எதுக்கு இழுத்தீங்க?"

நியாயமான பதிலொன்றைக் கண்டுபிடித்தவன்போலச் சொன்னான்: "மாஸ்டர் கவுண்ட் சொல்லிட்டேதான இருந்தாரு?"

பழனிமுத்து மகளின் சிவந்த மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தார். போனைக் கையில் எடுத்துக்கொண்டார். நிச்சயம் ஆன நாள்முதல் அவனை மாப்பிள்ளை என்றே வாய் நிறையக் கூப்பிட்டு வந்தவர்.

"தம்பி," என்றார், "போன உங்கப்பாகிட்டக் குடுங்க."