ஏடி என்றால் ஓகே

வாசல் பலகையில் அவருடைய பதவி நான்கு வரிக்கு ஓடியது. நிறுவனர், தலைவர், முதன்மை ஆலோசகர், இன்னும் ஏதோ. தெருவில் சுருக்கமாக ‘டைரக்டர்’ என்றார்கள். நிறுவனத்தில் வேலை செய்தது அவரும் ஒரு மேசை விசிறியும்தான்.

பெயிண்ட் கடை வைத்திருந்த மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று சாயங்காலம் நான் வரும்போது அந்தப் பெட்டி என் போனுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும், இல்லையென்றால் நாளை முதல் மாப்பிள்ளை கல்லாவில் உட்காரட்டும். பெட்டி என்பது சிம் கார்டு போட்ட உள்ளங்கையளவு மோடம். கம்ப்யூட்டரிலிருந்து ‘ஏடி’ என்று இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் அது ‘ஓகே’ என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மெசேஜெல்லாம்.

டைரக்டர் இணைப்பின் வேகத்தை மாற்றினார், சிம்மை மாற்றினார், டவரைத் திட்டினார். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினார். “ஏடி... ஏடி...”

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “யாரைங்க அப்படிக் கூப்பிடுறீங்க? என்னையா இருந்தா நான் வரமாட்டேன்.”

“இது தொழில்நுட்பம். உனக்குப் புரியாது. இதோ பார், மோடம் பேசுது.” திரையில் வரிசையாக ஏடி, ஏடி என்று நின்றது.

“நீங்க தட்டினதையே கம்ப்யூட்டர் உங்களுக்குக் காட்டுது. ஓகே எங்கே?”

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தான் சொன்னதே திரும்பி வந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் கம்பிகளைக் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் பக்கமும் மோடம் பக்கமும் அவரே துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்: அனுப்பும் முனைக்கு ‘போ’, வாங்கும் முனைக்கு ‘வா’. போவைப் போவோடும் வாவை வாவோடும் பொருத்தம் பார்த்து இணைத்திருந்தார்.

“இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கத்துக்கு வந்ததுதானேங்க? ரெண்டும் பேசுது, கேட்க ஆள் இல்லை. நம்ம வீடு மாதிரி.”

அவர் வாதாடத்தான் நினைத்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. சட்டென்று கம்பிகளை மாற்றிச் செருகித் தட்டினார். ‘ஓகே’ வந்தது.

“வாங்க மாமா, எல்லாம் தயார்” என்றார், காலையிலிருந்தே தயாராக இருந்தவர்போல. பெரிய மனதுடன் விசைப்பலகையை மனைவி பக்கம் தள்ளினார். “தட்டும்மா, ஏதாவது.”

அவள் தட்டினாள். மாமனாரின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. அவர் எடுத்து, கைநீளத்துக்கு விலக்கிப் பிடித்து மெல்லப் படித்தார்: ‘அப்பா, இவர் இங்கேயே இருக்கட்டும். கடை பாவம்.’

அவர் மீசை லேசாக ஆடியது. “சரி மாப்பிள்ளை, கடைக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்.”

“என்ன மாமா வந்திருக்கு? காட்டுங்க.”

“வாடிக்கையாளர் ரகசியம் மாப்பிள்ளை” என்று அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.