சீராக வந்த தொட்டி

என் கல்யாணத்தில் சீர் சாமான் பரப்பியபோது எவர்சில்வர் அடுக்குகளுக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு மீன்தொட்டியும் இருந்தது. அப்பாவிடம் நான் கேட்டு வாங்கியது. வந்த சனம் வாயைப் பொத்திச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதில் ஆறு கோரி மீன்கள். தென் அமெரிக்கக் கெளுத்தி இனம். விரல் நீளம்கூடக் கிடையாது. ஆனால் மீசை உண்டு, உடம்பில் ஓடு வேய்ந்ததுபோல் கவசம் உண்டு. நாளெல்லாம் கூட்டமாக மணலைக் கிளறிக்கொண்டிருக்கும்.

மாமனார் லட்சுமணனுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "குப்பை பொறுக்குற மீனை நடுவீட்டுல வச்சா குடும்பம் வெளங்குமா?" என்பார். வாஸ்துக்காரர் வேறு தூபம் போட்டார். மண்டை புடைத்த பெரிய ஃப்ளவர்ஹார்ன் மீன் வளர்த்தால் யோகமாம்.

"வேற தொட்டியில வச்சுக்கங்க மாமா. இதுல விட்டா என் மீனை முழுங்கிரும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஒரு நாள் திருப்பத்தூரில் வேலை முடிந்து வீடு திரும்பினால், யோகம் என் தொட்டிக்குள் இருந்தது. பிளந்த வாயில் ஒரு கோரியின் வால் துடித்தது. ஏதாவது விழுங்க வந்தால் கோரி தன் துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

மாமனார் கையைப் பிசைந்தார். "ஏதாச்சும் பண்ணு ஆத்தா. மீனு மூச்சுத் திணறுது."

"என் மீனும்தான் திணறுது மாமா."

பெரியதை ஈரத்துணியில் பிடித்து, கோரியின் முள் நுனியை நகவெட்டியால் நறுக்கி, மெல்ல உருவினேன். இரண்டும் பிழைத்தன. கோரியைத் தொட்டியில் விட்டேன். ஃப்ளவர்ஹார்ன் வாளிக்குப் போனது.

அப்போதும் மனிதர் அடங்கவில்லை. "பொடிசுகளை வாளியில போட்டுட்டு இதைத் தொட்டியில விடு" என்றார்.

"இது எங்க அப்பச்சி குடுத்த சீரு. மருமக சீரைத் தொடுற வழக்கம் இந்த வீட்டுல எப்ப வந்துச்சு மாமா?"

அடுப்படியிலிருந்து மாமியார் சிட்டாள் குரல் கொடுத்தார். "என் சீருப் பெட்டியை யாராவது தொறந்தா நான் விட்டுருவனா? அவ கேக்குறது நாயந்தான்."

வாளியைத் தூக்கிப்போய் மாமனார் கட்டிலோரம் வைத்தேன்.

"உங்க யோகம் இங்கயே இருக்கட்டும். இனி அங்குட்டுக் கொண்டு வந்துராதீக."

அடிபட்ட கோரி மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு மணலுக்குத் திரும்பியது. தொட்டி மூடிக்கு இப்போது பூட்டு இருக்கிறது. சாவி என் இடுப்பில்.