அப்பா எழுதி வைத்த வீடு

டங்!

சுத்தியல் பூட்டின் மேல் விழுந்த அதே நொடியில், வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று. அடுத்த நிமிடம் உள்ளே ஒரு கூட்டமே அழுதது.

ஓங்கிய சுத்தியலோடு அவன் அப்படியே நின்றான். பூட்டு அவன் போட்டதுதான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் காரை நிறுத்தி, முன்கதவை இழுத்துப் பூட்டினான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்துச் சாவி மனைவியின் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அது சரி, காலி வீட்டில் குழந்தைகள் எங்கிருந்து வந்தன?

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண்மணி விறுவிறுவென்று வந்தாள். தோளில் ஒரு குழந்தை, கையில் பால் புட்டி.

"யாருய்யா அது? இப்பத்தான் எல்லாத்தையும் தூங்க வச்சிட்டு உக்காந்தேன். புண்ணியமா போகும், அந்தச் சுத்தியலைக் கீழ வை!"

அவன் வாய் திறப்பதற்குள் அவளே அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த மூக்கு... லிஃப்ட்காரர் மூக்கு இல்ல? தம்பி, நீங்களா! உள்ள வாங்க, வாங்க. நீங்க பூட்டிட்டுப் போனதுல இருந்து நாங்க இந்தச் சந்துப் பக்கத்து வாசல்லதான் போயிட்டு வந்துட்டு இருக்கோம். காரணம் இல்லாம பூட்டியிருக்க மாட்டீங்கன்னு யாரும் அதைத் தொடல."

அவன் காதுமடல் சூடானது.

அவனுடைய அப்பா வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். போன வருடம் போனில், "என் காலத்துக்குப் பிறகு வீட்டை நம்ம தெருவுக்கு எழுதி வைக்கப் போறேன்டா. தையல் பாக்டரிக்குப் போற பொண்ணுங்க குழந்தைங்களை விட்டுட்டுப் போக ஒரு இடம் இல்ல" என்றார். "உனக்கு மூளை கலங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

இப்போது அவன் வந்தது அந்த உயிலை உடைக்க. வக்கீல் சுலபமாக வழி சொல்லியிருந்தார். "புத்தி தடுமாறின நிலைமையில எழுதினார்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சொல்லட்டும் சார். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." வீட்டை விற்றுப் புது ஃபிளாட் வாங்குவதாக மாமனார் வீட்டில் ஏற்கெனவே பெருமையடித்தாகிவிட்டது. தேவை இரண்டே சாட்சிகள்.

கூடத்துக்குள் நுழைந்தவன் திகைத்துப் போனான். உத்தரத்தில் கப்பிகள். கப்பிகளில் லிஃப்ட் கம்பிகள். கம்பிகளில் வரிசையாகத் தொட்டில்கள். அந்தப் பெண்மணி ஓரத் தொட்டிலை லேசாகத் தள்ளினாள். அத்தனை தொட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடின. அழுகை மெல்ல மெல்ல அடங்கியது.

'இது பைத்தியக்கார வேலை இல்லாமல் வேறென்ன?' என்று அவன் மனம் வக்கீலுக்காகக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்ட கையோடு கூசவும் செய்தது. ஏனென்றால் குழந்தைகள் தூங்கிவிட்டன.

"உங்கப்பா உயிரோட இருக்கும்போதே கூடத்தைக் கொடுத்துட்டார். பின்னாடி ரூம் ஒண்ணு போதும்னுட்டார். குழந்தைங்க என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். அவரைத் தாத்தான்னு கூப்பிடாது, 'டிங்'னு கூப்பிடும். லிஃப்ட் மணி ஒண்ணு வச்சு எந்நேரமும் அடிச்சுக் காட்டுவார்" என்றாள் பெரியம்மா.

அப்போது கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் உள்ளே நுழைந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர்.

"என்னம்மா சத்தம்? எவனாவது திருடன்... அட, நம்ம தம்பி! கையில என்ன, சுத்தியலா? வந்ததும் வராததுமா வேலையில இறங்கிட்டீங்களா? அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு!"

அவன் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் பேண்ட்டில் செருகி மறைத்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்குக் கடைசி காலத்துல ஞாபகம் எல்லாம்... சரியா இருந்துச்சா?"

"ஞாபகமா? நான் வாங்கின கைமாத்தைக்கூட மறக்கலையே, படுபாவி மனுஷன்!" தையல்காரர் சிரித்தார். "சதா உங்க பேச்சுதான் தம்பி. 'வீட்டைத் தெருவுக்குக் கொடுத்துடுப்பா, கொடுத்துடுப்பான்னு என் பையன் உயிரை எடுக்கறான். இது அவன் யோசனை'ன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவார். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்கு அந்த மனசு வரும், சொல்லுங்க?"

"நானா சொன்னேன்னார்?"

"பின்ன? பெரியம்மாவைக் கேளுங்க."

பெரியம்மா பால் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அதற்குள் பாக்டரி விட்டுவிட்டது. பெண்கள் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டிய தலையோடு திமுதிமுவென்று வந்தார்கள். தையல்காரர் அவனைக் காட்டி, "இவர்தான்!" என்று கல்யாண மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல் அறிவித்தார்.

"அண்ணா, உங்களாலதான் நான் வேலையை விடாம இருக்கேன்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். அது அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சட்டைப் பையில் போன் அலறியது. வக்கீல். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினான்.

"என்ன சார், ஆள் மடங்குச்சா?"

"இல்ல."

"எவனாவது வேலைவெட்டி இல்லாதவன் இருப்பான் சார். நல்லா தேடுங்க."

அவன் போனை அணைத்தான். துவைத்துப் போட்ட குட்டிக் குட்டித் துணிகளுக்கு நடுவே நின்றான். அவர்கள் திட்டியிருந்தால் தேவலை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான், கோர்ட்டில் பார்ப்போம் என்று வீராப்பாகக் கிளம்பியிருப்பான். இந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. பேசாமல் நழுவிவிடலாமா என்று சந்தைப் பார்த்தான். கால் வரவில்லை.

பெரியம்மா ஒரு வாளித் துணியோடு வந்தாள்.

"என்ன தம்பி, இங்க வந்து நிக்கறீங்க? முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"பெரியம்மா... அவங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்ல. நான் அப்படிச் சொல்லவே இல்ல. அப்பாகிட்ட நான் கேட்டது வேற. இன்னிக்கு வந்ததும்கூட..."

"கேஸ் போட ஆள் பிடிக்க வந்தீங்க."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"உங்களுக்கு... யார் சொன்னா?"

"உங்கப்பாதான் தம்பி. 'அவன் கண்டிப்பா சண்டைக்கு வருவான், அப்ப யாரும் அவனை அவமானப்படுத்திடாதீங்க, இது அவன் யோசனைன்னு நான் சொன்னதா சொல்லி நன்றி மட்டும் சொல்லுங்க'ன்னு தெருவையே கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டுக்கிட்டார்."