இரண்டு கோட்டிங்

ஜிம்காரருக்கு என் அண்ணன் தரவேண்டியிருந்தது பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது. எல்லாம் மாத்திரைக் கடன். தின்றது அண்ணன் இல்லை, அவன் மகள் சிட்டு. தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓட்டத்தில் தேறினால் நிரந்தர வேலை. வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வருடம்.

அண்ணனும் நானும் எண்ணெய்த் தொட்டிகளில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர்கள். ஜிம்காரர் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசினார்.

"அண்ணே, பாப்பா ஓட ஓட உள்ளுக்குள்ள ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு கிளம்பும். உங்க தொட்டியில பிடிக்குதே துரு, அதே மாதிரிதான். இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டா பிடிக்காது."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அண்ணன் யோசித்திருப்பான். துரு அவனுக்குப் பரம விரோதி. இத்தனை வருடமாக அதைத்தான் மூக்கால் இழுக்கிறான்.

டப்பாவில் ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். அண்ணன் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு கொடுத்தான்.

"ஒரு கோட்டிங் அடிச்ச தொட்டி எத்தனை மழை தாங்குச்சு? சொல்லுடா பண்டிதா!"

கடன் ஏற ஏற அண்ணி முதலில் முட்டையை நிறுத்தினாள், அப்புறம் பாலை. "மாத்திரையிலேயே வயிறு ரொம்பிடும் மகாராணிக்கு" என்று தட்டை நங்கென்று வைத்தாள்.

சிட்டு சிரித்தாள். "நான் எவர்சில்வர் ஆகிட்டு இருக்கேம்மா."

ஆனால் மாதக்கணக்கில் ஓடியும் நேரம் குறையவில்லை. படி ஏறினால் கண் இருட்டுகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சித்தப்பா. இன்னும் ரெண்டு சேத்துக் குடுப்பாரு."

நானும் சொல்லவில்லை.

தேர்வு நாளில் நேரம் முடிந்து விசில் ஊதியபோது எல்லைக் கோட்டுக்கு இன்னும் பத்தடி இருந்தது. சிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மைதானத்திலிருந்த பெண் பயிற்சியாளர் ஒருவர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அண்ணன் டப்பாவை நீட்டி, தினம் நாலு கொடுப்பதையும் துருக் கதையையும் சொன்னான்.

"நாலா? ஐயா, ஓடுறப்ப அந்தத் துரு கொஞ்சம் பிடிக்கணும்யா. அதைப் பாத்துத்தான் உடம்பு முழிச்சுக்கிட்டுப் பலமாகும். அளவு மீறிப் போட்டு அதை அமுக்கினா ஓடினது வீணாப் போகலாம். இதனாலதான் தோத்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா புள்ள உடம்புல ரத்தமே இல்லையே. சாப்பிட என்ன குடுத்தீங்க?"

அண்ணன் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

மறுவாரம் ஜிம்காரர் வாசலில் நின்றார். "பாப்பா தோத்தா நான் என்ன பண்ண? வாங்கின சரக்கு வாங்கினதுதானே?"

அண்ணன் கை ஓங்கினான். சிட்டு குறுக்கே வந்து, "அடுத்த மாசம் நான் தரேன். போங்க" என்றாள்.

திங்கட்கிழமை எங்களோடு தொட்டிக்குள் இறங்கினாள். துரு தட்டும் அவள் சுத்தியல் சத்தம் கேட்கும் பக்கம் அண்ணன் திரும்பவே மாட்டான்.

சம்பளம் வந்ததும் மூவரும் ஜிம்முக்குப் போனோம். உள்ளே பாட்டு அலறியது. சிட்டு தன் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள். அண்ணன் தன் சம்பளக் கவரையும் அவசரமாக எடுத்து நீட்டினான்.

"வேணாம்ப்பா. சரியா இருக்கு" என்று அவன் கையை மடக்கிவிட்டாள்.

ஜிம்காரர் எச்சில் தொட்டு எண்ணி, கடன் தீர்ந்தது என்றார்.