வலப்பக்கம் போன ஒயர்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, தள்ளி உட்கார்ந்தா என் குரலு எட்டாது. ஒரு சாவு வூட்டுக் கதை சொல்லப்போறேன். பயப்படாதீங்க, இதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எல்லாம் நம்மளாட்டம் மனுசங்கதான்.

அண்ணன் செல்லப்பன் நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, தம்பி தர்மன் வாசலில் நின்ற அம்பாசிடருக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்து ஒயர் உருவிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லப்பன் பெண்சாதி அம்சவள்ளிக்கு ஜன்னல் வழியாக அது நேராகத் தெரிந்தது.

செல்லப்பன் செந்துறையில் வாடகைக் கார் ஓட்டியவர். சாவுச் சேதியை ஊர் ஊராக மைக்கில் சொல்லிவர வேறு வண்டி எதற்கு, அவர் வண்டியே போகட்டும் என்று பங்காளிகள் முடிவு பண்ணினார்கள். கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, காரில் இருந்த பாட்டு செட்டோடு இணைத்து, இஞ்சினைப் போட்டதுதான் தாமதம், 'ஙொய்ங்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் மேலே ஏறியது, விட்டால் இறங்கியது. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர், "ஏன் தர்மா, இது நீ போட்ட செட்டுதானே" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தர்மன் காருக்குள் புகுந்துவிட்டான்.

அவனுக்குப் பெரம்பலூரில் கார்களுக்கு செட் மாட்டுகிற கடை. கைராசிக்காரன் என்று பேர். சி.டி. செட் வந்த புதுசில் அண்ணன் வண்டிக்கும் அவன்தான் மாட்டினான். அன்றைக்கு அம்சவள்ளியும் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் லெப்பைக்குடிக்காட்டு கவுஸ் பாய் வண்டி நின்றது. துபாய்ப் பணத்தில் வாங்கிய புது வண்டி. அதில் பேட்டரி ஒயரை இடது பக்கமும், பாட்டு வருகிற ஒயரை வலது பக்கமும் பிரித்து, கால்மிதிக்கு அடியில் நோகாமல் இழுத்திருந்தான். ஏன் இப்படிச் சுற்றி வளைக்கணும் என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டையும் ஒண்ணாப் போட்டா கரண்டு இரைச்சல் பாட்டுல ஏறிக்கும் அண்ணி" என்று அவன்தான் சொன்னான். சொன்னவனே அண்ணன் வண்டிக்கு ரெண்டையும் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி ஒரே பக்கமாக இழுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டான். நம்ம வூட்டு வண்டிதானே, யாரு கேக்கப்போறா.

இரைச்சல் வந்தபோது அண்ணன் போய்ச் சொன்னார். டைனமோ கோளாறு என்றான். டைனமோவை மாற்றினார். பிறகும் போனார். "உன் காலுதாண்ணே சரியில்ல. ஆக்சிலேட்டர அந்த மெரி மெரிச்சா எந்த செட்டுதான் கத்தாது?" என்றான், கடையில் நாலு பேர் இருக்கும்போது. அவர்கள் சிரித்தார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது, 'கொசு வண்டி' என்ற பேர். கல்யாணப் பார்ட்டிகள் வேறு கார் பார்த்துக்கொண்டன.

வேற கடைக்கு விடுங்க என்று அம்சவள்ளி சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு மட்டும் மனுசன் அசையவில்லை. "தம்பி கடை வச்சிருக்கையில அடுத்தவன் கை வைக்கலாமாடி? கூடப்பொறந்தவனே நம்பலன்னு நாளைக்கு ஊரு பேசாது?" என்பார். தம்பி சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு, பூவை மிதிக்கிற மாதிரி மிதித்து மிதித்து ஓட்டப் பழகினார். பின்னால் வருகிற டவுன் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போகும்.

இன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அக்கம்பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாததால், அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டினார். பக்கத்தில் அம்சவள்ளி. வேகமா மெரிங்க, மெரிங்க என்று கெஞ்சினாள்.

"இரையும்டி."

"செட்டுதான் அணைஞ்சு கெடக்கே."

"காலு பழகிப்போச்சு" என்றார்.

அரியலூர் வீடுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு அவள் மேல் சாய்ந்தார். கால் பழகிப்போச்சு என்று அவர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் செத்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சுவலி என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தர்மன் டேப்பைக் கிழிக்கிறான். ரெண்டு ஒயரையும் பிரிக்கிறான். பாட்டு ஒயரை மட்டும் உருவி, வண்டியைச் சுற்றிவந்து வலப்பக்கக் கதவைத் திறந்து அந்தப் பக்கமாக இழுக்கிறான். டிக்கியில் எர்த் ஒயர் மாட்டிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் மறுபடி முடுக்குகிறான். கவுஸ் பாய் வண்டியில் பார்த்த அதே வேலை. பறையடிக்கிறவர்கள் டீ குடித்து, பறையைக் காய்ச்சி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

இஞ்சினைப் போட்டான். மிதித்தான். ஒரு பொட்டுச் சத்தமில்லை. மைக்கில் 'அலோ' என்றதும் தெருக்கோடி வரைக்கும் மணியாகக் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அம்சவள்ளி எழுந்து வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே வந்து கையைப் பிடித்த பொம்பளைகளை உதறினாள்.

"எதுல இருந்துச்சு தம்பி அந்தச் சத்தம்?"

தர்மன் துண்டில் கையைத் துடைத்தான். "பழைய வண்டி அண்ணி. எர்த் லூசாயிருக்கு. ரோடு குலுக்கல்ல..."

"அவரு கால்ல இல்லியே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு தம்பி. நாலு பேரு முன்னாடிதானே காலுன்ன. இப்பவும் நாலு பேரு இருக்காங்க."

அவன் குழாய் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தான். பங்காளிப் பெரியவர் ஒருவர், துக்கத்துல பொம்பளைக்குப் புத்தி தடுமாறுது, உள்ள கூட்டிட்டுப் போங்க என்றார். பங்காளி ஒருத்தர் ஓட்ட, கார் கிளம்பிப் போனது. செந்துறை செல்லப்பன் காலமானார் என்ற சேதி தேன் மாதிரித் தெளிவாகத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. சுமோ வைத்திருக்கும் ஒருத்தர் தர்மன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, காரியமெல்லாம் முடியட்டும், நம்ம வண்டிக்கும் ஒரு செட்டு போட்டுக் குடு தம்பி என்றார். வரேண்ணே என்றான் அவன். உள்ளே வரைக்கும் கேட்டது.

திருப்பூரில் வேலைக்கிருந்த மகன் ராஜராஜன் வந்து சேர்ந்து, குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வாய்க்கரிசி போட வரிசை நின்றது. மகன் போட்டான், சம்பந்தி வழி போட்டார்கள். தர்மன் முறை வந்தது. தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தான். அம்சவள்ளி தன் உள்ளங்கையை எடுத்துப் புருசன் வாயை மூடினாள்.

"எனக்குச் சொல்லவேணாம்" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில். "ஊருக்கும் சொல்லவேணாம். அவரு காதுல சொல்லிட்டுப் போடு."

தர்மன் குனிந்தபடியே நின்றான். நகக்கண்ணில் கறுப்பு டேப்பின் பிசின் ஒட்டியிருந்தது. அண்ணன் காது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விரலிடுக்கு வழியாக அரிசி ஒன்றிரண்டாக நழுவிக் கோடித்துணியில் விழுந்தது. பின்னால் நின்றவர், என்னப்பா, பொழுதாவுது என்றார்.

தர்மன் நிமிர்ந்தான். கையிலிருந்த அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

அம்சவள்ளி கையை எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா. எந்திரிச்சுப் போங்க, இருட்டுறதுக்குள்ள வூடு சேருங்க. உங்க வூட்டுல சொல்லவேண்டிய வார்த்தை, கேக்குற காது உசுரோட இருக்கையிலேயே வந்து சேரட்டும். வெளிய போன ஆளு வெளிச்சத்தோட திரும்பி வரட்டும். ஒலையில அரிசியும் ஒதட்டுல சிரிப்புமா நெறஞ்சு இருங்க.